என் கழுத்துக்குச் சொன்ன விளக்கங்கள்

அந்தப் படத்தில் இருப்பது என் கழுத்து. படத்தைக் கீறியவர் என் கணவர். மட்டக்களப்பிலும் கொழும்பிலும் அதைப் பார்த்தவர்கள் சொன்னதில் பாதியாவது என் காதுக்கு வந்திருக்கிறது. யுத்தம் முறுக்கிப் போட்ட உடல் என்றார்கள். காணாமற்போனவர்களைத் தேடும் பெண் என்றார்கள். முன்னே போக மனமில்லாத ஒரு சனத்தின் முகம் என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். கழுத்துக்குச் சொந்தக்காரி இப்போது கொஞ்சம் சுகமாக இருக்கிறாள். ஊசி மருந்து வேலை செய்கிற இந்த வாரங்களுக்குள் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சுகந்தி. வாழைச்சேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு வந்தாறுமூலையில். இவர் பட்டினத்தில் ஒரு கலைக் கல்லூரியில் ஓவியம் படிப்பிக்கிறார். தகட்டுப் படம்தான் இவருடைய வேலை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதை ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார். கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். தின்ற பள்ளத்தில் மை தடவி, ஈரக் கடதாசியை வைத்து உருட்டி அழுத்தினால் படம் வரும். தகட்டில் இடப்பக்கம் இருப்பது கடதாசியில் வலப்பக்கமாக விழும். எங்கள் வீட்டுப் பின் அறையில் அந்த உருளை மெஷின் நிற்கிறது. அமில வாடைக்கு நான் எப்போதோ பழகிவிட்டேன்.

நோய் கரும்பலகையில் தொடங்கியது. முக்கோணம் ஒன்று கீறிக்கொண்டு நின்றபோது தலை தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பியது. யாரோ பின்னாலிருந்து தாடையைப் பிடித்து மெதுவாகத் திருப்பின மாதிரி. படுத்த விதம் சரியில்லை என்று நினைத்தேன். தலையணையை மாற்றினேன். நாட்டுமருந்துப் பரிகாரியாரிடம் எண்ணெய் வாங்கிப் போட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் தலை இடப்பக்கமே நின்றது. நேராகக் கொண்டுவந்தால் நடுங்கும், பிறகு திரும்பப் போய்விடும். வலப்பக்கக் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. இடத் தோள் காதை நோக்கி ஏறியது. சோறு தின்ன, பல் தீட்ட, பஸ்ஸில் இடம் பார்த்து இருக்க, எல்லாவற்றுக்கும் உடம்பை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.

ஒரு விசயம் மட்டும் உதவியது. தாடையில் ஒரு விரலை வைத்தால் போதும், தலை நேராக வரும். அழுத்தக்கூடத் தேவையில்லை, தொட்டால் சரி. விரலை எடுத்தால் மறுபடியும் போய்விடும். இதை நானே கண்டுபிடித்தேன், சந்தோசப்பட்டேன். அந்த விரல்தான் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறது என்று அப்போது தெரியாது. விரலை வைத்துக்கொண்டு வகுப்பு எடுப்பதைப் பார்த்த ஒரு ரீச்சர், ஒற்றை விரலுக்கு அடங்குகிற வருத்தம் என்ன வருத்தம் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டிருக்கிறா. பட்டினப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் எடுக்கத்தான் இந்த நாடகம் என்றும் கதை வந்தது.

இவருடைய அக்கா, என் மச்சாள், களுதாவளையில் இருக்கிறா. அவதான் முதலில் வந்து என் கையைப் பிடித்தவ. "கழுத்து இப்பிடிக் கிறுகிப் போய்க் கிடக்கு, நீ பாட்டுக்கு இருக்கிறாயேகா" என்று ஏசிவிட்டு, பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டுவித்தா. நூலில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது என் தலை ஜன்னலில் அடிபடாமல் இருக்க அவ தன் உள்ளங்கையை இடையில் வைத்துக்கொண்டே வந்தா. அதை நான் மறக்கவில்லை.

பிறகுதான் ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் பிழையில்லை என்றார்கள். எலும்பில் பிழையில்லை என்றதும் என்னை மனநல டொக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நல்ல மனிசன், தன்மையாகத்தான் பேசினார். விரலை வைக்கச் சொன்னார், எடுக்கச் சொன்னார், தலையாட்டினார். வீட்டில் ஏதும் இழப்பு உண்டா என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லக்கூடிய வீடு எத்தனை இருக்கும்? என் அண்ணன் காணாமற்போனவர். வேலைக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மா சாகும்வரை அவருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தா. இதைச் சொன்னவுடன் டொக்டரின் பேனை ஓடத் தொடங்கியது. அதுவரை ஓடவில்லை. அண்ணன் வருவாரா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேனாம். மனம் செய்கிற வேலையைக் கழுத்து காட்டுகிறதாம்.

என்னை மனநல வாட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். தந்த குளிசை நாக்கை உலர வைத்து ஆளைத் தூங்கப் போட்டது. தூக்கத்தில் கழுத்து நேராக இருந்ததாம். அதையும் மனம் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கட்டிலில் இருந்த பெண் நாள் முழுதும் சுவரோடு கதைப்பா. சாப்பாடு வரும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, என் சோற்றுக் கோப்பையை நான் காணக்கூடிய பக்கமாகத் தள்ளி வைப்பா. அந்த வாட்டில் என் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனித்து ஏதாவது செய்தவ அவ ஒருத்திதான்.

மிக மோசமானது எதுவென்றால், நானும் பாதி நம்பத் தொடங்கினேன். அண்ணனை நினைக்கும்போது கழுத்து கூடுதலாக இழுக்கிறதா என்று நானே சோதித்துப் பார்த்தேன். அண்ணன் நினைவு வந்தால் முன்பு அழுகை வரும். அந்த மாதங்களில் பயம் வந்தது. அவர் வந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதற்காக அவர்களை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இவர் என்னைக் கீறத் தொடங்கினார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நிலத்தைப் பார்த்துக் கதைத்த காலம் அது. இவர் மட்டும் நேராகப் பார்த்தார், மணிக்கணக்காகப் பார்த்தார். பின்னேரத்தில் ஜன்னலோரம் இருத்தி, அசையாமல் இரு என்பார். அசையாமல் இருக்க ஏலாத வருத்தம்தான் எனக்கு என்றேன். சரி, அசை, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. கலியாணம் முடித்த காலத்தில்கூட இவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

படம் வந்தது. தலை பின்னுக்கு முறுகி, ஒரு கண் மட்டும் கடைக்கண்ணாகப் பார்க்கிறது. கழுத்து நரம்பை அமிலத்தில் நெடுநேரம் விட்டிருக்கிறார், அது கன்னங்கரேலென்று வள்ளம் இழுக்கும் கயிறு மாதிரி நிற்கிறது. ஏறிய தோள் காதை இடிக்கிறது. வாய் கோணியிருக்கிறது. தாடைக்குக் கீழே, தொடுவதற்குச் சற்று முன், ஒற்றை விரல், மற்ற எல்லாக் கோட்டையும்விட மெல்லிசாக. பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை. கீழே பென்சிலால் தலைப்பு எழுதியிருந்தார்: திரும்பிப் பார்ப்பவள்.

அண்ணனை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று கேட்டேன். அண்ணன் ஒருவருடைய கதை இல்லை இது, எல்லாருடைய கதையும்தான் என்றார். எல்லாருக்கும் கழுத்து நேராகத்தானே இருக்கிறது என்றேன். சிரித்தார்.

பட்டினத்தில் கண்காட்சி நடந்தது. நான் போகவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் சனம் நின்று அழுததாகவும், ஒருவர் அதைப் பற்றியே நெடுநேரம் பேசியதாகவும் இவர் வந்து சொன்னார். விரலுக்கும் விளக்கம் சொன்னார்களாம்: பேசாதே என்று தன் வாயையே அடக்குகிறாளாம். படம் கொழும்புப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தது. அன்றைக்கு இவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த தவணை தொடங்கியதும் பள்ளிக்கூடம் விட்டு ரோட்டைக் கடந்தேன். நம் ரோட்டில் கால் வைத்தவுடன் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். என் தலை இடப்பக்கம். கையில் பயிற்சிக் கொப்பிக் கட்டு இருந்ததால் தாடையில் விரல் வைக்க ஏலவில்லை. வலப்பக்கத்திலிருந்து வந்த ஓட்டோ என்னைத் தட்டிவிட்டது. வலக்கை மணிக்கட்டு முறிந்தது, நெற்றி கிழிந்தது. ஓட்டோக்காரனே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அழுதது அவன்தான்.

இது வேறு ஆஸ்பத்திரி. கைக்கு பிளாஸ்டர் போட்டு, நெற்றியைத் தைத்து, தலையில் அடிபட்டதால் பார்த்துத்தான் விடுவோம் என்று வாட்டில் படுக்க வைத்தார்கள். மச்சாள் வந்து நின்றா. மீன் சொதி கொண்டுவந்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, என் தலை நின்ற பக்கமாகவே வந்திருந்து ஊட்டினா. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று காவலாளி விரட்டினால் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் பின்னால் போய் நிற்பா.

கழுத்து அடிபட்டதால் திரும்பியதா என்று வாட்டு டொக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. நரம்பு டொக்டரைக் கூப்பிட்டார்கள். சிங்களப் பெண், தமிழைத் தேடித் தேடிக் கதைப்பா. அவ வந்தபோது இவர் சுடுதண்ணிப் போத்தலோடு கட்டிலருகே நின்றார். நான் வலக்கை பிளாஸ்டரில் கிடக்க, இடக்கை விரலைத் தாடையில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவ கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு சொன்னா:

"நான் உங்களப் பாத்திருக்கு. படத்தில. படத்தில மற்றப் பக்கம்."

கையால் தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினா. நான் இவரைப் பார்த்தேன். அதாவது உடம்பைத் திருப்பி இவரைக் காணும்படி செய்தேன். அவவும் இவரைப் பார்த்தா.

"உங்களுக்கு நான் சொன்னதுதானே, இது ஒரு வருத்தம், மருந்து இருக்கு, கூட்டிட்டு வாங்க எண்டு. ஏன் வரயில்ல?"

இவர் சுடுதண்ணிப் போத்தலை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். மச்சாள்தான் கேட்டா, "ஆருக்குச் சொன்ன?" என்று.

கண்காட்சிக்கு அந்த டொக்டர் சும்மா போயிருக்கிறா. பேச்சு முழுக்கத் தமிழில் நடந்ததால் அவவுக்கு அதிகம் விளங்கவில்லை. விளங்காததால் பேச்சை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்திருக்கிறா. புடைத்த தசை, ஏறிய தோள், தாடையருகே விரல். இப்படி ஒரு ஆள் உண்மையாக இருக்கிறாரா என்று இவரிடம் கேட்டிருக்கிறா. இருக்கிறா, என் மனைவி என்று சொன்னதும், கிளினிக் நாளையும் தன் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறா. மாதங்கள் போய்விட்டன.

நோயின் பெயர் டிஸ்டோனியா. தசையில் பிழையில்லை, மனத்திலும் பிழையில்லை. தசைகளை இறுக்கு, தளர்த்து என்று கட்டளை அனுப்புகிற மூளையின் ஒரு பகுதி பிழையான கட்டளை அனுப்புகிறது. தளர வேண்டிய தசை இறுகியே நிற்கிறது. அந்த விரல் நடிப்பு இல்லை, நோயின் அடையாளமே அதுதான். தொடுகை போய்ச் சேரும்போது கட்டளை கொஞ்ச நேரம் குழம்பி விட்டுக்கொடுக்கிறதாம். தூக்கத்தில் நேராவதும் இந்த நோயின் வழமை. எந்த இரண்டு விசயத்தை வைத்து என்னை மனநோயாளி என்றார்களோ, அந்த இரண்டையும் வைத்தே அவ நோயைப் பிடித்தா.

ஆனாலும் வேறு காரணம் இல்லையென்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். உடம்பில் செம்பு சேர்ந்தாலும் இப்படி இழுக்குமாம், அதற்கும் ஒரு சோதனை. இவருடைய தகட்டை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்பு. தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கான் எடுத்தபோது, அந்தக் குழாய்க்குள் தலையை நேராக வைத்திருக்க ஏலாமல் இரண்டு முறை வெளியே எடுத்தார்கள். அங்கே வேலை செய்த பெடியன் எரிச்சல்பட்டான். எல்லாம் சுத்தமாக வந்தது.

இவர் என்னோடு தனியாகக் கதைத்தது வாட்டு வராந்தாவில். டொக்டர் சொன்னதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கொழும்பு முடியட்டும் என்று நினைத்தேன் என்றார். அது முடிந்து எவ்வளவு காலம் என்றேன். அதற்கு இவர், "நோய் எண்டு தெரிஞ்சா அது வெறும் நோய்க்காரியின்ர படமாப் போயிரும் சுகந்தி" என்றார்.

"நான் வெறும் நோய்க்காரிதான்" என்றேன்.

பின்னர் டொக்டர் தன் மாணவர்களுக்குக் காட்ட அந்தப் படத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கினா. எந்தத் தசை எந்த அளவு இறுகியிருக்கிறது என்று அதில் விரல் வைத்துக் காட்டலாமாம், அவ்வளவு சரியாகக் கீறியிருக்கிறாராம். இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு இன்னும் கொதித்தது. என்னை இவரைப்போலப் பார்த்தவர் உலகத்தில் யாருமில்லை. ஒன்றையும் தவறவிடாமல் பார்த்திருக்கிறார். எனக்கு வருத்தம் என்பதை மட்டும் காணவில்லை. காட்டிய பிறகும் காண விரும்பவில்லை.

ஊசி மருந்து ஒரு நஞ்சு. கெட்டுப்போன சாப்பாட்டில் வளரும் ஒரு கிருமி உண்டாக்குகிற நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் இறுகிய தசைக்குள் ஏற்றுகிறார்கள். அது தசையை அசதியாக்கிவிடும். ஆஸ்பத்திரியில் அந்த நேரம் இருப்பு இல்லை. கொழும்பிலிருந்து குளிர்ப்பெட்டியில் எடுப்பித்தோம். கொழும்புப் போட்டியில் படத்துக்குக் கிடைத்த பரிசுப் பணம்தான் அதற்குப் போனது. இவர் அதைச் சொல்லவில்லை. நான் கேட்டு அறிந்தேன்.

வலப்பக்கம் முன் கழுத்திலும் இடப்பக்கம் பின் கழுத்திலும் குத்தினார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரமும் ஒன்றும் நடக்கவில்லை, இதுவும் பொய்தான் என்று நினைத்தேன். பிறகு ஒரு காலை பல் தீட்டும்போது கண்ணாடியில் என் முகம் நேராக நின்றது. விரல் வைக்காமல் நின்றது. நெடுநேரம் அப்படியே நின்றேன், வாயில் நுரையோடு. மச்சாளுக்கு போன் எடுத்துச் சொன்னபோது அந்தப் பக்கத்தில் அவ மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

விழுங்குவது கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது. நஞ்சு பக்கத்துத் தசைக்கும் போகுமாம். கஞ்சிதான் குடித்தேன். மூன்று மாதமளவில் மருந்தின் வேலை குறைந்து தலை மெல்ல இடப்பக்கம் போகத் தொடங்கும். மறுபடி ஊசி. இது சுகமாகிற நோய் இல்லை, சமாளிக்கிற நோய். இருப்பு வராத மாதங்களில் திரும்பிய கழுத்தோடுதான் வகுப்புக்குப் போகிறேன். நாடகம் என்று சொன்ன ரீச்சர் இப்போது சுகம் விசாரிக்கிறா. நானும் நல்ல சுகம் என்கிறேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கிறோம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன். கிளினிக்குக்கு இவர்தான் மோட்டார்சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிறார். என்னைக் கீறுவதற்கு மட்டும் பிறகு நான் இருந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் இவர் அந்தத் தகட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்து, குறுக்காகக் கோடு கீறி அழித்துவிடுகிறேன், இனிப் பிரதி எடுக்க ஏலாது என்றார். வேண்டாம் என்றேன். அழித்தால் அது உங்கள் தியாகமாகிவிடும், தலைப்பை மாற்றுங்கள் என்றேன். இவர் முகம் கறுத்தது. தகட்டை அழிப்பது இவருக்கு அதைவிட இலேசாக இருந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார்.

வந்தாறுமூலைக் கம்பஸில் மறுபடி கண்காட்சி வந்தபோது படத்துக்குக் கீழே ஒட்டும் அட்டையை நானே எழுதினேன். சுகந்தி, கணித ஆசிரியை. டிஸ்டோனியா என்கிற கழுத்துத் தசை முறுக்கு நோய். மூளையின் கட்டளைப் பிழையால் வருவது. மருந்து உண்டு. அவ்வளவுதான்.

இந்த முறை நானும் போனேன். படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். ஊசியின் வேலை குறைகிற நேரம், தலை கொஞ்சம் திரும்பியிருந்தது. சனம் தூரத்திலிருந்து படத்தைக் கண்டு ஆவலாக வரும். அட்டையை வாசிக்கும். முகத்தில் இருந்த துக்கம் இறங்கிவிடும். என்னைக் கண்டு சங்கடப்பட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். யாரும் அழவில்லை. யுத்தம் என்று நினைத்தபோது நின்று அழுதவர்களுக்கு, ஒரு ரீச்சரின் கழுத்துக்கு ஒரு நிமிசம் நிற்க ஏலவில்லை. இவருடைய சிநேகிதர் ஒருவர், பட்டினத்தில் பேசியவர்தான், விளக்கம் எழுதிப் படத்தைக் கெடுத்துப்போட்டீர்கள் என்று இவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இவர் என்னைப் பார்த்தார். சிநேகிதரை விட்டு விலகிப் போனார்.

பின்னேரம் ஒருவர் வந்தார். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்கிறவர், கம்பஸில் படிக்கும் மகளைப் பார்க்க வந்தவர். அட்டையை இரண்டு முறை வாசித்தார். என்னிடம் வந்து குனிந்து, "மருந்து இருக்கெண்டு எழுதியிருக்கு, மெய்யா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். என் கழுத்தைக் காட்டினேன். விரல் வைத்துக் காட்டினேன். விரலைப் பார்த்ததும் அவர் தன் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். தன் மனைவியும் இப்படித்தான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே இருக்கிறா என்றார். பேய் என்று பார்த்தார்களாம், பிறகு பிடிவாதக் குணம் என்று பார்த்தார்களாம். பல வருசமாக அவவை வீட்டை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போவதில்லையாம்.

"அப்ப அவ வேணுமெண்டு செய்யயில்ல" என்றார்.

இல்லை என்றேன். அவர் படத்தின் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் படத்துக்கு முன்னால் அன்றைக்கு யாரும் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. பிறகு எனக்கு முகத்தைக் காட்டாமலே சொன்னார்: "நான் அவக்கு அடிச்சும் இருக்கன், ரீச்சர்."

கிளினிக் எந்தக் கிழமை, எந்த வாசலால் போக வேண்டும், டொக்டரின் பெயர் என்ன என்று சொன்னேன். அவர் அதை இன்னொருமுறை கேட்டார். இன்னொருமுறை சொன்னேன்.

"அவவத் தனிய அனுப்பாதீங்க," என்றேன். "நீங்க கூட வந்து பக்கத்தில இருங்க. டொக்டர் சொல்றத நீங்களும் கேக்கோணும்."